சுவரில் ஒட்டிய பின்னூட்டங்கள்

அன்புத் தம்பி வெயில்நேசனுக்கு,

எங்கே இருந்தாலும் காய்ந்த சட்டையோடு இரு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் இந்த வருஷ வேலை முடிந்துவிட்டது. வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள். பாத்திகளெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. பாண்டிச்சேரி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏரி நல்லா ரொம்பி இருக்குது" என்று சந்தோஷப்பட்டார். நீ இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஒரு பதிவு போட்டிருப்பாய். அதில் பாதி, மழையைப் பற்றிக் கவிதை எழுதுகிற எங்களைத் திட்டுவதாக இருந்திருக்கும்.

நீ போன பிறகு நான் எழுதுகிற முதல் பதிவு இது. சமீபத்தில் எழுத வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு யார் இந்த வெயில்நேசன் என்று கேட்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். அவன் பிரம்மதேசத்து ஏழுமலை. மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வேலை முடிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காதர் பாய் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்கு வந்து, வெயில்நேசன் என்ற பெயரில் வலைப்பதிவு எழுதினான். இந்தக் கோடையில் ஒரு காலை, பைக்கில் வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் செல்வி என்று ஒரு தங்கையும் இருக்கிறார்கள்.

போதும். இனி நான் உன்னோடு மட்டும்தான் பேசப்போகிறேன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

உன்னை நான் கனடாக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். வெயிலை நினைத்து ஒருவன் இப்படி உருகி உருகி எழுதினால் அவன் பனியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான் என்றுதானே அர்த்தம்? மழை வந்தால் உனக்குச் சம்பளம் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ மட்டும் என்ன, ஜன்னல்சீட்டு என்ற பெயரில் எழுதிய என்னை மாதக்கணக்கில் 'ஜன்னல்சீட்டு சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். சிங்கப்பூரில் ரயிலேறி ஆபீஸ் போகிற, மீசை வைத்த ஒரு பெரிய மனுஷரை நீ மனதில் வைத்திருந்தாயாம். நான் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கப் பட்ட பாட்டை எழுதினால், சிங்கப்பூரிலும் இப்படித்தானா சார் என்று கேட்பாய்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு, போனும் கரண்டும் வந்தும் வராமலும் இருந்த சமயம். கடற்கரைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா, என்ன வேண்டும் என்று வலைப்பதிவில் எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாய் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக உன் பதிவு ஒன்று வந்தது. "நான் மரக்காணத்தில் இருக்கிறேன்" என்று ஆரம்பித்திருந்தாய். எந்தெந்தக் குப்பத்துக்குப் படுக்கப் பாய் வேண்டும், எங்கே பால் பவுடர் வேண்டும் என்று எழுதிவிட்டு, கடைசியில், "பாய் எழுந்திருக்கச் சொல்கிறார், மீதி நாளைக்கு" என்று முடித்திருந்தாய்.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் காதர் பாய் பக்கத்து கேபினைப் பார்த்து, "ஏம்பா, சீக்கிரம் எந்திரிப்பா, கரண்ட் பூடும்" என்று சத்தம் போட்டிருந்தார். அந்த கேபினில் இருப்பது நீதான். நடுவில் இருந்த பிளைவுட் பலகையைத் தட்டினேன்.

"யாருங்க?"

"ஜன்னல்சீட்டு."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு பலகைக்கு மேலே ஒரு தலை வந்தது. வெயிலில் கறுத்து, முடியெல்லாம் செம்பட்டையாகிப் போன தலை. என்னைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "சார், நீங்க பொம்பளையாங்க?"

அத்தனை சாவுக்கு நடுவில் நான் சிரித்தது அந்த வாரத்தில் அப்போதுதான். பாய் எழுந்து வந்து இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறமும் நாம் பெரிதாக நேரில் பேசிவிடவில்லை. அதை யோசித்தால் இப்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அடுத்தடுத்த கேபினில் உட்கார்ந்துகொண்டு பின்னூட்டத்தில் சண்டை போட்டோம். நான் வேண்டுமென்றே மழையைப் புகழ்வேன். பலகைக்கு அந்தப் பக்கம் நீ கீபோர்டை உடைக்கிற மாதிரி அடிப்பது கேட்கும். "வாயத் தொறந்து பேசிக்கினா என்னாம்மா, ரெண்டு பேருக்கும்?" என்பார் பாய். எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது மட்டும் நீ அக்கா என்பாய், நான் ஏழுமலை என்பேன். என் வீட்டுக்கு நீ வந்ததில்லை. உன் வீட்டை நான் பார்த்தது நீ கிடத்தப்பட்டிருந்தபோதுதான்.

பாயைத் தவிர இந்த ஊரில் நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு நான் அச்சகத்தில் டிடிபி பார்க்கிறேன் என்று தெரியும், சாயங்காலம் தாமதமானால் ஓவர்டைம் என்று தெரியும். கோயிலில் எல்லாருக்கும் நான் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்கிற ஸ்டெல்லா. ஜன்னல்சீட்டு என்று ஒருத்தி இருப்பது இந்தக் கடற்கரையில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. நீ போனதோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். இப்போது இங்கே வெறும் ஸ்டெல்லாதான் இருக்கிறாள். அவளோடு பேசிக்கொண்டிருப்பது எனக்கு அலுப்பாக இருக்கிறது, தம்பி.

உன் பதிவுக்கு நீ பூட்டுப் போட்ட கதையை இங்கே சொல்ல வேண்டும். உன் பக்கத்தில் முகம் தெரியாத எவனோ என்னைப் பற்றி அசிங்கமாகப் பின்னூட்டம் எழுதிவிட்டுப் போனான். நீ அழித்தாய். மறுநாள் மறுபடி வந்து எழுதினான். அதையும் அழித்தாய். பிறகுதான் பின்னூட்டங்களுக்கு மட்டுறுத்தல் வைத்தாய். அதாவது யார் என்ன எழுதினாலும் முதலில் உனக்கு மட்டும்தான் தெரியும், நீ படித்துச் சரி என்று சொன்ன பிறகே மற்றவர்கள் பார்க்கலாம். அன்றைக்கு டீக்கடையில் நீ சொன்னது: "இனிமே நான் பாத்து உட்டாதான்க்கா எவனா இருந்தாலும் நம்ம ஊட்டுக்குள்ள வர முடியும்."

எனக்காகத்தான் பூட்டினாய். சாவியை நீயே வைத்துக்கொண்டாய். அதில் யார் என்ன தப்புச் சொல்ல முடியும்?

நீ போன செய்தியை எனக்குச் சொன்னது காதர் பாய்தான். அச்சகத்து வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. நான் பஸ் பிடித்து பிரம்மதேசம் வந்தேன். உங்கள் தெருவில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிறைய நாற்காலிகள் காலியாக இருந்தன. பொம்பளைகள் செல்வியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதில் யாரோ ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

நான் யார்? என்ன சொல்வது? வேலை ஒன்றாகப் பார்க்கவில்லை. சொந்தம் இல்லை, ஒரே சாதி இல்லை, ஒரே தெரு இல்லை. "தெரிஞ்சவங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். உன் கால்மாட்டில் ஒரு தெரிஞ்சவளாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சென்னையில் இருந்து எழுதுகிற சுண்டல்பொட்டலத்துக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்பினேன். நம்மில் எல்லாரையும் தெரிந்தவர் அவர்தானே. என் பக்கத்தில் எழுத எனக்குத் தெம்பு இல்லை என்றேன். அவர் எல்லாருக்கும் தகவல் சொன்னார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்: ஆளுக்கொரு இடத்தில் அஞ்சலி எழுத வேண்டாம், எல்லாரும் வெயில்நேசன் வீட்டுக்கே போவோம், அவர் கடைசிப் பதிவின் கீழேயே எழுதுவோம். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். யாருக்கும் பூட்டு ஞாபகம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உன் அப்பா என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அச்சகத்தில் வேலை பார்ப்பது அவருக்குச் செல்வி மூலம் தெரிந்திருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருசம் எங்க தெருவுல ஒரு பையன் பூட்டான்மா. சாயங்காலத்துக்குள்ள செவுரு பூரா அவன் மூஞ்சி. கண்ணீர் அஞ்சலின்னு சிநேகிதப் பசங்க ஒட்டுனது. பஸ் ஸ்டாப்ல, டீக்கடைல, மோட்டார் கொட்டாயில கூட ஒட்டிட்டாங்க."

நான் தலையாட்டினேன். அந்தப் போஸ்டரை அடித்ததே நான்தான்.

"நானும் பாத்துகினே இருந்தேன். எம் புள்ளைக்கு ஒரு துண்டுக் காயிதம் யாரும் ஒட்டல. காலேஜி பாதில நின்னான், ஒண்ணும் சொல்லல. வேலைக்குப் போவான், அந்த கம்பியூட்டர் கடைக்குப் போவான், வருவான், படுத்துக்குவான். ஒருத்தன் வந்து ஏழுமலைன்னு வாசல்ல கூப்புட்டு நான் பாத்ததே இல்ல. சிநேகிதம் பண்ணத் தெரியாத புள்ளையா வளத்துட்டனாம்மா நான்?"

"இல்லைங்கய்யா" என்றேன். "அவருக்கு எத்தினி பேர் சிநேகிதம் தெரியுமா? சிங்கப்பூர்ல, துபாய்ல, கனடாவுல எல்லாம் இருக்காங்க. அவருக்காக எழுதியிருப்பாங்க. நாளைக்கு மரக்காணம் வாங்க, நான் காட்றேன்."

முதலில் நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உன் பக்கத்தைத் திறக்க எனக்கு அதுவரை கை வரவேயில்லை. அவரோடு சேர்ந்து பார்த்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி வந்திருந்தார். பாய் உன் கேபினைத்தான் கொடுத்தார், நாற்காலியைத் துடைத்துக்கூட வைத்தார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். எத்தனை கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்து, நீ பாய்க்குத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் எழுத்துரு இறக்கி வைத்தாய் என்று அவருக்குச் சொன்னேன். பாய் அங்கிருந்தே, "எனக்குத் தெரியும்மா, தெரியாத மாதிரி இருந்தேன்" என்றார்.

உன் பக்கம் திறந்தது. நீ போவதற்கு முந்தின சாயங்காலம் போட்ட உன் கடைசிப் பதிவு தையல்காரரைப் பற்றியது. அளவு எடுக்கும்போது டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எடுத்ததால் உன் பேண்ட்டு முட்டிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்ட கதை. நான் சத்தமாகப் படித்தேன். உன் அப்பா முதலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் உதடு லேசாகக் கோணியது. சிரித்துவிட்டார்.

"அந்தப் பேண்ட்டு ஊட்லதான் இருக்குது" என்றார். "இதெல்லாம் அவனே எழுதுனதா?"

"ஆமாங்கய்யா. இதுக்குக் கீழதான் எல்லாரும் எழுதியிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைக் கீழே இறக்கினேன்.

பின்னூட்டங்கள் 0 என்று இருந்தது.

ஏதோ கோளாறு என்று மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே. மூன்றாவது முறை நான் மவுஸைத் தொடும்போது அவர் கேட்டார்: "இதாம்மா, எத்தினி பேர் வந்தாங்கன்னு காட்டுறது?"

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"சைபர்தான போட்டிருக்குது."

அவரிடம் என்ன சொல்ல முடியும், ஏழுமலை? கரண்ட் கட் ஆகக்கூடாதா என்று இருந்தது எனக்கு. அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். "பரவால்லம்மா. நீ வந்தியே, அது போதும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. ரோட்டைத் தாண்டி அவர் பஸ்ஸுக்கு நிற்பதை பாய் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அப்புறம் எனக்கு வந்ததே ஒரு கோபம். பாய் கடை போனிலிருந்தே சுண்டல்பொட்டலத்தைக் கூப்பிட்டேன். இரண்டு வருஷம் அண்ணே தம்பி என்று கும்மியடித்தீர்களே, ஒருத்தருக்குக்கூடவா நாலு வரி எழுதத் தோன்றவில்லை என்று கத்தினேன்.

"என்ன மேடம் சொல்றீங்க? நான் அன்னிக்கே எழுதிட்டேனே. இன்னிக்கு வரைக்கும் வரல. வேற யாரோடதும் வரல. எல்லாரும் இவ்ளோதானான்னு நானே நொந்துபோய் உக்காந்திருக்கேன்."

"அனுப்பும்போது என்ன காட்டிச்சு?"

"அதான், வழக்கமா வருமே. பதிவு எழுதுறவரு பாத்து ஓகே பண்ண பிறகு..."

அங்கேயே நிறுத்திவிட்டார்.

தினமும் கண்ணில் படுகிற வரி என்பதால் யாரும் அதைப் படிப்பதே இல்லை, தம்பி. வெயில்நேசன் செத்துப்போய்விட்டான் என்று அழுது எழுதிவிட்டு, அதை வெயில்நேசன் படித்துப் பார்த்து அனுமதிக்கட்டும் என்று உலகம் பூராவும் காத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு பேர்! ஒவ்வொருத்தரும் தான் ஒருவர்தான் எழுதினோம், மற்றவர்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக மனம் வெறுத்துப்போயிருந்தார்கள். துபாயில் இருக்கிற பாதிநிலா இனி வலைப்பதிவே வேண்டாம் என்று தன் பக்கத்தை அழிக்கிற அளவுக்குப் போயிருந்தாராம்.

கடவுச்சொல் தெரிந்தால் திறந்துவிடலாம் என்றார் பாய். எனக்குத் தெரியாது. ஊகித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. நீ பார்த்து விட்டால்தான் உள்ளே வரலாம் என்று நீயே சொன்ன வீடு அது.

எழுதியதை எனக்கு மெயில் அனுப்புங்கள் என்று எல்லாரிடமும் கேட்டேன். யாரும் பிரதி வைத்திருக்கவில்லை. நினைவில் இருந்ததை மறுபடி எழுதினார்கள். சிலர் மறுபடி அழுதார்கள். மெயில்கள் வர வர நான் அச்சகத்தில் உட்கார்ந்து போஸ்டருக்குப் பேர்களைக் கோத்தேன். உன் படத்துக்காகச் செல்வியைக் கேட்டால், யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைத்தான் கொடுத்தாள். அதில் நீ ஓரத்தில் நின்றிருந்தாய். வெட்டி எடுத்தபோது பக்கத்து ஆளின் தோளில் கொஞ்சமும் கூடவே வந்துவிட்டது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் நீ. உன் படத்துக்குக் கீழே, 'வெயில்நேசன்' என்கிற ஏழுமலை. அதற்கும் கீழே நண்பர்கள்: சுண்டல்பொட்டலம், சென்னை. குடைமறந்தவன், கடலூர். பாதிநிலா, துபாய். மூன்றாவதுமாடி, சிங்கப்பூர். இன்னும் நிறையப் பேர். இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கினேன். கடைசியில் ஜன்னல்சீட்டு, மரக்காணம். நம் ஊர்ப் போஸ்டர்களில் பட்டப்பெயர் போடுவது வழக்கம்தானே, அதனால் முதலாளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புரூஃப் பார்த்துவிட்டு, "இவனுங்கல்லாம் எந்த ஊரு ரவுடிங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

போஸ்டர் ஒட்டப் பசை வாளியோடு போகிற எங்கள் அச்சகத்து பாபுவோடு நானும் போனேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு, பாய் கடைக்கு எதிர்ச்சுவர், உப்பளத்தில் நீ இன்ஜின் ஓட்டிய கொட்டகை, பிரம்மதேசம் பஸ் ஸ்டாப், உங்கள் தெரு முனை. ஒவ்வொரு இடத்திலும் மேல் விளிம்பை நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து உன் அப்பா அச்சகத்துக்கே வந்துவிட்டார். டீக்கடையில் ஆளை விட்டு எல்லாப் பேரையும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"என்னாம்மா அது, வெயில்நேசன்? யாரு வச்ச பேரு?"

"அவரே வச்சிக்கினதுங்கய்யா. அவங்களுக்கெல்லாம் அவரு அந்தப் பேருதான்."

வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லாதான் இருக்குது" என்றார். பிறகு ஒவ்வொரு பேராகக் கேட்டார். பாதிநிலா ஆணா பெண்ணா என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்திருந்த மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிற மூன்றாவதுமாடி எழுதியது அவரை உலுக்கிவிட்டது. "ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் வெயில்நேசன் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன். இங்கே என்னோடு தமிழில் சிரித்துப் பேச வேறு ஆள் கிடையாது. எனக்கு அவர் அண்ணனா தம்பியா என்று தெரியவில்லை. இப்போது யாரைக் கேட்பது?"

"தம்பின்னு எழுதும்மா" என்றார் அப்பா. "அந்தப் பையனுக்கு எத்தினி வயசு? இல்ல, அண்ணன்னே எழுது."

இரண்டையும் எழுதி அனுப்பினேன்.

போகும்போது வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். அவர் முகத்தில் புதிதாக ஒரு கவலை.

"இவங்க ஊட்ல ஒரு கெட்டதுன்னா நமக்கு யாரும்மா சொல்லுவாங்க? எம் புள்ள சாவுக்கு இத்தினி பேர் வந்துட்டாங்க. நாம திருப்பிப் போவணும் இல்ல? பேரே தெரியாம எப்பிடிப் போறது?"

நாம் யாருமே அதை யோசித்ததில்லை, தம்பி. ராத்திரி பகலாக எழுதினோம், சண்டை போட்டோம், ராசியானோம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், ஒன்று என்றால் எங்கே வந்து நிற்பது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு ஒன்று என்றால் என் அம்மா யாருக்குச் சொல்வாள்? அவளுக்கு யாரைத் தெரியும்?

போன வாரம் கடலூரில் குடைமறந்தவனின் அம்மா தவறிவிட்டார். சுண்டல்பொட்டலம்தான் போனில் சொன்னார், விலாசமும் கொடுத்தார். உங்கள் எதிர்வீட்டுப் போனில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். போக வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், மழையாக இருக்கிறது என்றேன். "கெளம்பும்மா" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு மாலையோடு.

கடலூரில் அந்தத் தெருவில் நல்ல கூட்டம். பெரிய குடும்பம் போலிருக்கிறது. பந்தலில் நின்ற ஒருவர் என்னைக் கேட்டார், "நீங்க யாரு ஊடு?" நான் வழக்கம் போல விழித்தேன். குடைமறந்தவனின் சொந்தப் பெயரே அதுவரை எனக்குத் தெரியாது. யாரைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொல்வது? தெரிஞ்சவங்க என்று முணுமுணுத்தேன். அதற்குள் உன் அப்பா என்னைத் தாண்டிப் போய், அந்த அம்மாவுக்கு மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்து ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பையன். உன் வயதுதான் இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவை யார் என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"வெயில்நேசன் அப்பா" என்றார் உன் அப்பா.

அந்தப் பையன் எழுந்துவிட்டான். அவன் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதான். உன் அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். "அழாத கண்ணு, நாங்கல்லாம் இல்ல?" என்றார். நாங்கள் என்று யாரைச் சொன்னார் என்று அங்கே யாருக்கும் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. நான் கொஞ்ச தூரம் தள்ளி நின்றேன். அவ்வளவு கூட்டத்தில் நீ இல்லாதது எனக்கு அவ்வளவு உறைத்தது அப்போதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பாண்டிச்சேரி தாண்டியதும், "இன்னும் எத்தினி பேரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"நெறைய பேருங்கய்யா."

"நீ கூட வருவ இல்ல?"

வருவேன், தம்பி. உன்னிடமும் சொல்கிறேன். பஸ் போகிற தூரத்தில் யார் வீட்டில் ஒன்று என்றாலும் அவரைத் தனியாக அனுப்ப மாட்டேன். பஸ் போகாத ஊர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்புவேன். இதைப் படிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் ஒருவரிடமாவது இந்தப் பக்கத்தின் முகவரியைச் சொல்லி வைக்கட்டும். அடுத்த முறை எந்தப் பந்தலிலாவது யாராவது என்னை நீ யார் என்று கேட்டால், தெரிஞ்சவங்க என்று இனி சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
வெயில்நேசன் அக்கா,
ஸ்டெல்லா